ஊசியை நிறுத்திய அண்ணனுக்கு

அண்ணே,

இன்று காலை ஆய்வுக்கூடத்தில் ஓர் இன்சுலின் குப்பி என் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து உடைந்தது. எலிகளுக்காக எடுத்தது. சில்லுகளைப் பொறுக்கக் குனிந்தபோது அந்த வாசனை முகத்தில் அடித்தது. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரைப் பிரிக்கும்போது வருமே, கிட்டத்தட்ட அது. மற்றவர்களுக்கு அது மருந்து நெடி. எனக்கு அது நீ. உன் சட்டைப் பை, தலையணை உறை, நீ பள்ளிக்கு எடுத்துப் போன தகரப் பென்சில் பெட்டி, எல்லாவற்றிலும் அதுதான் இருந்தது. எத்தனையோ ஆண்டுகளாக இந்த வாசனைக்கு நடுவில்தான் வேலை செய்கிறேன். ஆனாலும் இன்று சட்டென்று எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து மேசைத் தோழி, "கைய வெட்டிக்கிட்டியா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

சாஆ ஊரில் நாம் இருந்த செம்பனைத் தோட்டத்து வீட்டில் உனக்கு நோய் வந்தபோது அது நோய் என்று யாருக்கும் தெரியவில்லை. உனக்குப் பதிமூன்று வயது, எனக்கு ஒன்பது. நீ குழாயில் வாயை வைத்துக் குடித்தாய், குடித்துக்கொண்டே இருந்தாய். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டிக்கொண்டாய். பிறகு பாயை நனைக்க ஆரம்பித்தாய். அந்த வயதுப் பையன் பாயை நனைத்தால் அப்பாவுக்கு அது திமிர். செம்பனைக் குலை வெட்டிக் காய்த்துப் போன கை. இடைவாரை உருவி உன்னை வாசலில் வைத்து அடித்தார். அக்கம்பக்கத்தார் வேடிக்கை பார்த்தார்கள். நீ வழக்கமாகத் திருப்பிக் கத்துவாய். அன்று கத்தவில்லை. அடி விழ விழ மெல்ல மடிந்து, முகம் மண்ணில் பட விழுந்தாய். நடிக்கிறாய் என்று அப்பா மறுபடியும் ஓங்கினார். அம்மா உன்மேல் விழுந்து அதைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டார். நான் உன் முகத்தருகே போனேன். உன் மூச்சில் அழுகும் பழத்தின் வாடை வந்தது. இனித்த வாடை. அதைவிடப் பயங்கரமான ஒன்றை நான் இதுவரை முகர்ந்ததில்லை.

சிகாமட் மருத்துவமனையில் நீ கண் திறக்கும்வரை அப்பா வெளியே நின்று தன் வலக்கையைச் சுவரில் அடித்துக்கொண்டே இருந்தார். காவலாளி வந்து பிடித்து நிறுத்தினார். அதற்குப் பிறகு அவர் உன்னை ஒருநாளும் தொடவில்லை. அடிக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை.

இடைநிலைப்பள்ளியில் உன் பென்சில் பெட்டிக்குள் ஊசியைப் பார்த்த கட்டொழுங்கு ஆசிரியர் அதைப் போதை ஊசி என்று முடிவு கட்டிவிட்டார். இது இனிப்பு நீர் நோய்க்குப் போடும் ஊசி என்று நீ சொன்னாய். சின்னப் பையனுக்கு எங்கிருந்து இனிப்பு நீர் வரும் என்று கேட்டபடியே பிரம்பை வீசினார். நீ அந்தப் பிரம்பைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்தாய். ஒடித்ததோடு விட்டிருக்கலாம். முறிந்த முனையால் அவர் கன்னத்தைக் கீறினாய். மருத்துவமனைச் சீட்டை எடுத்துக்கொண்டு அம்மா பள்ளிக்கு ஓடுவதற்குள் உன்னை வெளியே நிறுத்தியிருந்தார்கள். திரும்பிப் போனபோது உனக்குப் பெயர் 'ஊசி' என்று ஆகியிருந்தது. அப்படிக் கூப்பிட்ட ஒவ்வொருவனையும் நீ அடித்தாய். தினமும் யாராவது கூப்பிட்டார்கள். அதனால் தினமும் அடித்தாய்.

அம்மா உன் கை முட்டிகளுக்கு மஞ்சள் மருந்து தடவியபடி, "ஏன்டா இப்படி அலையற?" என்று அழுதார்.

"என் ஒடம்பே என்ன அடிக்குதும்மா. நான் மத்தவன அடிச்சா என்னா?"

மருத்துவர் அப்படித்தான் உனக்கு விளக்கியிருந்தார். கிருமியைக் கொல்ல வேண்டிய அணுக்கள் தவறிப் போய், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களையே கொன்றுவிட்டன என்று. ஒரு பரிசோதனை நாளில் நானும் உடன் வந்திருந்தேன். "செத்துப் போனத திரும்பவும் செய்ய முடியாதா?" என்று அவரைக் கேட்டேன். அவர் சிரித்தார், கெட்ட சிரிப்பு இல்லை. திரும்பும் பஸ்ஸில் நீ சன்னலைப் பார்த்தபடியே சொன்னாய்: "அவரு சிரிச்சா சிரிக்கட்டும். நீ செஞ்சு குடு பாப்பா. நான் காத்திருக்கேன்."

நீ விளையாட்டாகத்தான் சொன்னாய். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

கோலாலம்பூரில் பட்டம், சிங்கப்பூரில் ஆய்வுப் படிப்பு, பிறகு ஜொகூர் பாருவில் இந்த வேலை. நீ பண்டார் தெங்காராவில் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டு, அண்ணியைக் கட்டிக்கொண்டு, போகிற இடமெல்லாம், "என் தங்கச்சி எனக்குப் புதுக் கணையம் செய்யிறா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய். ஒருநாள் லோரியை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கறையோடு உள்ளே வந்தாய். உனக்கு மேலங்கி மாட்டி, நுண்ணோக்கி முன்னால் உட்கார வைத்தேன்.

"இதுவா? தூசி மாதிரி இருக்கு."

"குருத்தணுண்ணே, ஸ்டெம் செல். எதுவா வேணா மாறும். நாங்க கொஞ்சங் கொஞ்சமா ஏமாத்தி கணையத்து செல்லா மாத்துறோம்."

"ஏமாறுதா?"

"பாதி செத்துடுது. மீதி வேற என்னமோ ஆயிடுது. சிலது நல்லா வந்தாலும், உள்ள வச்சா கட்டியா வளந்துடுமோன்னு பயம்."

அடுத்த அறையில் எலிகளைக் காட்டினேன். கூண்டுகளில் வைக்கோல் நனைந்திருந்தது. இனிப்பு நீர் எலிகள் அப்படித்தான், குடித்துக் குடித்துக் கூண்டையே நனைக்கும். நீ அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

"இதுங்களுக்கும் என்ன மாதிரியே வந்ததா?"

"நாங்கதான் குடுத்தோம். ஒரு மருந்து போட்டா அந்த செல்லுங்க செத்துடும்."

"அடிப்பாவி" என்றாய். பிறகு, "வேலை முடிஞ்சா இதுங்கள என்னா பண்ணுவ?" என்று கேட்டாய். கொன்றுவிடுவோம் என்றேன். எப்படி என்று கேட்டாய். சொன்னேன். நீ கூண்டின் மேல் கையை வைத்து, "சாரி லா" என்று எலியிடம் சொன்னாய். எத்தனை பேரின் பல்லை உடைத்த கை அது. எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அழுதேன்.

அந்தத் தீபாவளியைப் பற்றி நாம் கடைசிவரை பேசவில்லை. இப்போது பேசிவிடுகிறேன். காலை ஊசியைப் போட்டுக்கொண்டு, விருந்தாளிகள் வந்துகொண்டே இருந்ததால் நீ சாப்பிடாமல் விட்டுவிட்டாய். மதியம் நான் வந்து சேர்ந்தபோது வீட்டுக்குள் ஏதோ உடையும் சத்தம். இரத்தத்தில் சீனி அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டால் சிலருக்கு மயக்கம் வரும். உனக்கு வெறி வந்தது. தொலைக்காட்சியைத் தூக்கிச் சுவரில் அடித்திருந்தாய். அண்ணியின் தலைமுடியைப் பிடித்து இழுத்து அலமாரியில் மோதினாய். அவர் நெற்றியிலிருந்து இரத்தம் இமையில் வழிந்தது. உன் கண்கள் என்னைப் பார்த்தன, ஆனால் அவற்றில் நீ இல்லை. நான் இனிப்புச் சிரப் புட்டியை எடுத்துக்கொண்டு உன்மேல் பாய்ந்தேன். இருவரும் விழுந்தோம். உன் மார்பில் முழங்காலை ஊன்றி, உன் தாடையை நெரித்துத் திறந்து, சிவப்புச் சிரப்பை ஊற்றினேன். நீ ஓங்கிக் குத்தினாய். என் முன்பல் ஒன்று பாதியாய் உடைந்து நாக்கில் கிடந்தது. நான் விடவில்லை. உன் வாயிலும் என் வாயிலும் சிவப்பு. எது சிரப், எது இரத்தம் என்று தெரியவில்லை.

பிறகு நீ திரும்பி வந்தாய். கண்ணைக் கசக்கினாய். என் முகத்தைப் பார்த்ததும் துள்ளி எழுந்தாய்.

"யாரு பாப்பா? யாரு அடிச்சா ஒன்ன?"

கதவுக்குப் பின்னால் இருந்த பாராங் கத்தியை எடுத்துவிட்டாய். "சொல்லு! எவன் கைய வச்சான்?"

நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அண்ணி துணியால் நெற்றியை அழுத்திக்கொண்டு தரையைப் பார்த்தார். நீ அவரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், உடைந்த தொலைக்காட்சியைப் பார்த்தாய், கடைசியாக உன் கையைப் பார்த்தாய். கத்தியை எங்கே வைப்பது என்று தெரியாதவன் போல அதைச் சமையல் மேடையில் மெதுவாக வைத்தாய். "அலமாக்" என்று, ஐயோ என்பது போல ஒரே ஒரு சொல். வெளியே போய் லோரிக்குள் ஏறி, மாலைவரை உட்கார்ந்திருந்தாய்.

அன்றிலிருந்து உனக்குப் பயம் சாவைப் பற்றியது இல்லை. தூங்குவதற்கு முன்னால் வீட்டில் இருந்த கத்திகளையெல்லாம் லோரியில் வைத்துப் பூட்டுவாய் என்று அண்ணி பின்னால் சொன்னார். "நான் அவள கொன்னுட்டா, எனக்கே தெரியாதே" என்று கூட்டாளி செல்வாவிடம் சொல்லி அழுதாயாம். அந்த நிலையில்தான் ஏமாற்றுக்காரன் ஒருவன் உன்னைப் பிடித்தான்.

அண்ணி போன் செய்தபோது நான் கூட்டத்தில் இருந்தேன். "அவரு வாந்தி எடுத்துக்கிட்டே இருக்காரு. மூச்சு வேற மாதிரி வருது" என்றார். மருத்துவமனைக்கு நான் வந்தபோது உன்னைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். தாதியர் இருவரை உதைத்திருந்தாய். ஊசிக் குழாயைப் பிடுங்கி எறிந்திருந்தாய். திரை விலகியதும் அந்தப் பழ வாடை. ஒன்பது வயதில் மண்ணில் முகர்ந்த அதே வாடை.

"இன்சுலின் போட்டியா? அண்ணே, கடைசியா எப்ப போட்ட?"

நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். உதடு வெடித்திருந்தது. பெருமையாகச் சிரித்தாய்.

"ஊசிய நிறுத்திட்டேன் பாப்பா. ஒன்னோடத போட்டுக்கிட்டேன்."

எனக்குப் புரியவில்லை. அண்ணிதான் சொன்னார். பொந்தியானில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் ஸ்டெம் செல் ஊசி போடுகிறார்கள், புதுச் செல் வளரும்வரை பழைய ஊசியைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். "தங்கச்சிகிட்ட சொல்லாத. எல்லாம் சரியானதும் நானே போயி நிக்கிறேன், பாக்கட்டும்" என்று நீ சொன்னதை நம்பி அவரும் மறைத்திருக்கிறார். நான் அவரைத் திட்டவில்லை. திட்ட நேரமும் இல்லை. மறுநாள் காலை, மருத்துவர்கள் உன் மார்பை அழுத்தி அழுத்தி விலா எலும்பு முறிந்த சத்தத்தைக் கேட்டேன். அதற்குப் பிறகு வேறு சத்தம் வரவில்லை.

உன்னை எரித்த மறுநாள் செல்வாவும் இன்னும் மூன்று லோரிக்காரர்களும் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கையில் இரும்புக் குழாய்கள்.

"தங்கச்சி, எடம் எதுன்னு மட்டும் சொல்லு. நீ வராத. படிச்ச புள்ள."

"நானும் வர்றேன்" என்றேன். அண்ணி தடுக்கவில்லை.

படியேறும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கதவைத் திறந்ததும் குளிர்சாதனக் காற்று. நாற்காலியில் ஒரு பெண் மட்டும் காத்திருந்தார், கழுத்தில் சிலுவைச் சங்கிலி, மடியில் கைப்பை. எதிர்ச் சுவரில் நான் தொங்கிக்கொண்டிருந்தேன். என் படம், அண்ணே. எங்கள் ஆய்வைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததை வெட்டி, பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தான். அதற்குக் கீழே 'எங்கள் ஆராய்ச்சி' என்று எழுதியிருந்தது. நீ ஏன் என்னிடம் கேட்கவில்லை என்பது அங்கேதான் எனக்கு விளங்கியது. நீ என்னிடம்தான் வந்திருப்பதாக நினைத்தாய்.

உள்ளறையிலிருந்து வெள்ளை மேலங்கி போட்ட ஒருவன் வந்தான். என்னை அடையாளம் கண்டுகொண்டு, இரு கைகளையும் விரித்து, "டாக்டர்! வாங்க, வாங்க" என்றான்.

படத்தைச் சுவரிலிருந்து பிடுங்கி அவன் முகத்தில் அடித்தேன். கண்ணாடி உடைந்தது. சட்டத்தின் மூலையால் மறுபடி அடித்தேன். அவன் மூக்கு ஒரு பக்கமாகப் போனது. என் உள்ளங்கையில் சில்லு ஏறியிருந்தது, வலிக்கவில்லை. பின்னால் செல்வாவின் ஆட்கள் குளிர்ப்பெட்டியைக் கவிழ்த்தார்கள், குப்பிகள் சிதறின. நீ புதுச் செல் என்று நம்பியது அதுதான். பிறகு சோதித்துப் பார்த்தபோது வெறும் உப்பு நீரும் சத்து மருந்தும். அவன் தரையில் ஊர்ந்தான். செல்வா குழாயைத் தலைக்கு மேலே ஓங்கினான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லும் எண்ணமும் இல்லை.

அப்போது அந்தப் பெண் கத்திக்கொண்டு ஓடிவந்து அவன்மேல் விழுந்தார். செல்வாவின் குழாய் அந்தரத்தில் நின்றது.

"அவர விடுங்க! கொலகாரப் பசங்களா! எனக்கு இன்னிக்கு ரெண்டாவது ஊசி. இவரு இல்லன்னா நான் எங்க போவேன்?"

அவரைத் தள்ளிவிட நான் குனிந்தேன். முகத்துக்கு நேரே மூச்சு வாங்கினார். பழ வாடை.

தள்ள நீட்டிய கையால் அவர் தோளைப் பிடித்தேன்.

"அக்கா, நீங்க இன்சுலின் போடுறவங்களா?"

"சின்ன வயசிலேர்ந்து. இப்ப இல்ல. நிறுத்தி மூனு நாளாச்சு. நீ யாரு கேக்க?"

"செல்வா, கொழாய போடு! இவங்கள தூக்கு!"

"என்னா தங்கச்சி சொல்ற? இவன..."

"அவன் கெடக்கட்டும்! இவங்க செத்துடுவாங்க, தூக்கு!"

அவர் பெயர் மேரி என்று பிறகுதான் தெரியும். படியில் அவரை இழுத்துக்கொண்டு இறங்கியபோது என் கழுத்தைப் பிறாண்டினார். என் முன்கையில் பல் பதியக் கடித்தார். தெருவில் நின்றவர்கள் நாங்கள் ஆளைக் கடத்துகிறோம் என்று நினைத்துப் போலீசைக் கூப்பிட்டார்கள். லோரியில் என் மடியில் அவர் தலையை அழுத்திப் பிடித்திருந்தேன். பாதி வழியில் கடிப்பதை நிறுத்தினார், வாந்தி எடுத்தார். அவசரப் பிரிவில் அவரை இறக்கிய கையோடு போலீசாரிடம் கையை நீட்டினேன். விலங்கு மாட்டியபோது, என் இரத்தமா அவன் இரத்தமா என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றேன். அது உண்மை.

மேரியக்கா பிழைத்தார். கண் திறந்ததும் என்னைத்தான் சபித்தாராம். என்மேல் வழக்குப் போட்டு அபராதம் விதித்தார்கள். ஆய்வுக்கூடத்தில் சில மாதம் என்னை உள்ளே விடவில்லை. அந்த இடத்தை மூடி முத்திரை வைத்தார்கள். அவன் உடைந்த மூக்கோடு நீதிமன்றத்துக்கு வந்து போகிறான். என்னைத் தண்டித்தது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவனை அடித்ததற்காக இன்றும் வருந்தவில்லை. என் படத்தை நம்பி அங்கே உட்கார்ந்திருந்த உன்னை நினைக்கும்போதெல்லாம் மறுபடியும் அடிக்கத்தான் தோன்றுகிறது.

திரும்பி வேலைக்கு வந்த ஆண்டுதான் எங்கள் செல்கள் முதல்முறையாகச் சரியாக வந்தன. சீனியை ஊட்டினால் இன்சுலின் சுரந்தன, சீனியை எடுத்தால் நிறுத்தின. அவற்றை வைத்த எலிகளின் கூண்டுகளில் வைக்கோல் காய்ந்திருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் படிக்கட்டுக்குப் போய்ச் சுவரைக் குத்தினேன். விரல் எலும்பு முறியும்வரை குத்தினேன். அப்பாவின் புத்தி எனக்கும் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

வேறு நாடுகளில் சிலருக்கு இதுபோன்ற செல்களை உள்ளே வைத்ததில், அவர்கள் ஊசி இல்லாமல் இருக்கிறார்கள். பொய் இல்லை, நிஜமாகவே. ஆனால் அந்தச் செல்களை உடம்பு மறுபடியும் அடித்துக் கொல்லாமலிருக்க வேறு கடுமையான மருந்துகள் தர வேண்டியிருக்கிறது. எல்லோருக்கும் கொடுக்க இன்னும் காலமாகும். எவ்வளவு காலம் என்று எனக்குத் தெரியாது.

அவன் வழக்கில் சாட்சி சொல்ல வந்த நாளில் மேரியக்கா நீதிமன்ற வாசலில் என் முன்கைத் தழும்பைப் பிடித்துப் பார்த்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "நல்லாத்தான் கடிச்சிருக்கேன்" என்றார். அதிலிருந்து மாதத்துக்கு ஒருமுறையாவது போன் செய்கிறார். இன்று மதியம்கூடச் செய்தார்.

"என்னா டாக்டர், ஆச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"எத்தன வருசமா இதையே சொல்ற லா? நீங்கெல்லாம் உள்ள என்னதான் பண்றீங்க? நாங்க செத்து ஒழிஞ்ச பெறகா குடுப்பீங்க?"

கத்தினார். நானும் கத்தினேன். ஆய்வுக்கூடமே திரும்பிப் பார்த்தது. மூச்சு வாங்க இருவரும் நிறுத்தினோம். கடைசியில், "சரி, வை. ஊசி போட்டுட்டு சாப்புடணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

உனக்கு அந்த 'இன்னும் இல்ல' பிடித்திருக்காது, அண்ணே. கேட்டிருந்தால் என்னோடு பெரிய சண்டை போட்டிருப்பாய், எதையாவது உடைத்திருப்பாய், மாதக்கணக்கில் பேசாமல்கூட இருந்திருப்பாய். ஆனால் ஊசியைப் போட்டுக்கொண்டிருப்பாய். நாம் போட்டிருக்க வேண்டிய அந்தச் சண்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உன் பங்கையும் நானே கத்துகிறேன், என் பங்கையும் நானே கத்துகிறேன். ஒவ்வொரு முறையும் கடைசியில் உன்னை ஜெயிக்கிறேன்.